திருவாதவூர்க் கண்மாயில் ஒரு கெட்டித் தோட்டா

ரங்கூனில் பிறந்து வளர்ந்த எனக்கு, மதுரை ரயிலடியில் இறங்கியபோது வயது முப்பத்து நான்கு. அப்பாவின் சீமையை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். எல்லாரும் இறங்கியதும் கோபுரத்தைத் தேடுவார்களாம். நான் தேடியது நிழலை. சித்திரை வெயில் தண்டவாளத்திலிருந்து மேலே அடித்தது. எங்கள் ரங்கூனில் வெயில் அடித்தால் கூடவே ஈரமும் இருக்கும். இங்கே காற்றே காய்ந்து போயிருந்தது.

என் கையில் நீளமான தோல்பெட்டி ஒன்று. நான் பதினைந்து வருஷமாக ரங்கூனில் ஒரு துப்பாக்கிக் கடையில் தலைமைக் குமாஸ்தா. பெட்டிக்குள் இருந்தது 'நானூற்றெழுபது' என்ற பெரிய ரக இரட்டைக்குழல் ரைபிள் ஒன்று. அதை வாங்கியவர் திருவாதவூர் வீரணன் அம்பலம். பர்மாவில் பல வருஷம் அரிசி வியாபாரம் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பெரிய மனிதர். "கையோடு கொண்டுபோய்க் கொடுத்து, சுடப் பழக்கிவிட்டு வாரும்" என்று முதலாளி என்னை அனுப்பியிருந்தார்.

அம்பலம் கேட்டு எழுதியது ஈயமூக்குத் தோட்டா இரண்டு பெட்டி. நான் என் இஷ்டத்துக்குக் கெட்டித் தோட்டா ஒரு சிறு கட்டும் எடுத்து வைத்தேன். முதலாளிக்குக் கோபம். "கேக்காத சரக்கை எதுக்குய்யா வைக்கிறீரு?"

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஈயமூக்கின் நுனியில் ஈயம் வெளியே தெரியும். உடம்பில் பட்டதும் காளான்போல விரிந்துவிடும். சிறுத்தைக்கும் மானுக்கும் அதுதான் சரி. மெல்லிய உடம்புக்குள் விரிந்தால் அந்த இடத்திலேயே விழும். கெட்டித் தோட்டாவுக்கு மேலெல்லாம் உலோகக் கவசம். விரியாது. எலும்பை உடைத்துக்கொண்டு நேராக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். யானை, காட்டெருமை மாதிரி கனத்த மிருகத்துக்கு அது இல்லாமல் போகக் கூடாது. இவ்வளவு பெரிய ரைபிளை வாங்குகிறவர் வெறும் ஈயமூக்கோடு நிற்பதை என் மனம் ஒப்பவில்லை. அவ்வளவுதான்.

முதல் நாள் மதுரையிலேயே கழிந்தது. ஜட்காக்காரர் என் பெட்டியைப் பார்த்து, "சவப்பெட்டி கணக்கா இருக்கே, அண்ணே" என்று கொஞ்சமும் கூசாமல் சொன்னார். போலீஸ் ஸ்டேஷனில் காகிதங்களைக் காட்டி முத்திரை வாங்குவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. மாசி வீதிப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் இலை போட்டார்கள். ஆட்டுக்குழம்பில் மிளகு அப்படி ஒரு காரம். ரங்கூனில் காலையில் மீன்சாற்றில் மிதக்கும் மொகிங்கா சேமியா சாப்பிட்டு வளர்ந்த நாக்கு இது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பரிமாறியவர் பதறாமல் இன்னொரு கரண்டி ஊற்றி, "மொதல்ல அப்பிடித்தான் இருக்கும், போகப் போக இனிக்கும்" என்றார். மூன்றாவது உருண்டையில் இனிக்கத்தான் செய்தது.

மறுநாள் மேலூர் போகும் பஸ். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு நெசவாளப் பெண்கள் என் பெட்டியைக் காட்டித் தங்கள் பாஷையில் ஏதோ பேசிக்கொண்டார்கள். சௌராஷ்டிர பாஷை என்று கண்டக்டர் சொன்னார். "என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன். "இந்த ஆளு கல்யாணத்துக்கு நாயனம் வாசிக்கப் போறாரு, ஆனா நாயனக்காரருக்கு உள்ள வயிறு இல்லையேங்குறாங்க" என்று அவர் மொழிபெயர்த்தார். நானும் மறுக்கவில்லை.

ஒத்தக்கடை தாண்டியதும் எஞ்சின் கொதித்து பஸ் நின்றுவிட்டது. எதிரே யானைமலை, பெயருக்கு ஏற்றாற்போல் படுத்த யானையாகவே கிடந்தது. மைல் கணக்கில் தண்ணீர் இல்லை. சாலையோரம் நீர்மோர் விற்ற அம்மாளிடம் கண்டக்டர் பானையையே விலை பேசி எஞ்சினில் ஊற்றப் போனார். "டேய், அது தாளிச்ச மோருடா! குழாயெல்லாம் கடுகு அடைச்சுக்கிரும்!" என்று டிரைவர் கத்தினார். கடைசியில் மோரைப் பயணிகள் நாங்கள் குடித்தோம். எஞ்சின் தானாக ஆறும்வரை புளியமரத்தடியில் உட்கார்ந்தோம்.

அங்கேதான் செய்தி தெரிந்தது. திருவாதவூர்ப் பக்கமிருந்து வந்த வண்டிக்காரர் ஒருவர் மாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அந்தப் பக்கமா போறவுக பாத்துப் போங்க. கண்மாய்க்குள்ள காட்டுமாடு கெடக்கு. அழகர்மலையில தண்ணி வத்திப் போயி எறங்கிருச்சு. எவனோ நாட்டுத் துப்பாக்கியால சுட்டுப் புண்ணாக்கி விட்டுட்டான். முந்தாநேத்து ஒரு ஆளக் கொம்புல தூக்கிருச்சு."

காட்டெருமையைத்தான் அங்கே காட்டுமாடு என்கிறார்கள். பெட்டியை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

எஞ்சின் ஆறிய பஸ் திருவாதவூர் விலக்கில் இறக்கிவிட, மிச்சத் தூரம் மாட்டுவண்டியில் போய்ச் சேர்ந்தேன். வீரணன் அம்பலத்துக்கு ஐம்பது வயதிருக்கும். குரல் நாலு வீட்டுக்குக் கேட்கும். உபசாரமும் அதே அளவுக்குத்தான். கை கழுவுவதற்குள் கோழிக்கறி வந்துவிட்டது. சாப்பாட்டின் நடுவிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லி, எச்சில் கையைத் தூக்கிப் பிடித்தபடி ரைபிளை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நேரம் பாத்துத்தான்யா வந்திருக்கீரு. இன்னைக்குச் சாயங்காலமே போறோம்."

"முதல்ல ரெண்டு நாள் அட்டையில குறி வச்சுப் பழகுங்க. இதோட உதை சாதாரணம் இல்ல."

"பத்து வருசமா பன்னி சுடுறேன். எனக்கா பழக்கம் வேணும்?"

"சரி, தோட்டாவாவது இதைப் போடுங்க." நான் கெட்டித் தோட்டாவை நீட்டினேன்.

அவர் அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். "விரியாத தோட்டா ஊசி குத்துன மாதிரி போயிரும். நான் எழுதிக் கேட்டதைப் போடும்."

சாயங்காலம் கண்மாயின் கிழக்குக் கரையில் குந்தியிருந்தோம். கோடையில் கண்மாய் வெறும் பொட்டல்தான். நடுவில் மணலைத் தோண்டிய ஊற்றுக்குழி ஒன்று, வடக்கே கருவேலங்காடு. வெயில் தாழ்ந்ததும் காட்டுக்குள்ளிருந்து அது வெளியே வந்தது. பர்மாவில் வேட்டையாடிய தலைகளும் தோல்களும் கடைக்கு வந்து பார்த்திருக்கிறேன். உயிரோடு, இவ்வளவு பக்கத்தில், அன்றுதான் பார்த்தேன். கறுத்து மினுங்கும் உடம்பு. முதுகின்மேல் எழும்பி நின்ற திமில் முகடு. முழங்காலுக்குக் கீழே நாலு காலும் வெள்ளைக் காலுறை போட்டதுபோல வெளுத்திருந்தன.

"முகட்டை நம்பாதீங்க" என்று அம்பலத்தின் காதில் சொன்னேன். "அது உடம்பை உயரமாக் காட்டி ஏமாத்தும். நடுவுல வச்சா மேல போயிரும். வெள்ளைக்காலுக்கு நேரா மேல, உடம்பு உயரத்துல மூணுல ஒரு பங்கு."

அவர் காதில் ஏறவில்லை. உடம்பின் நட்டநடுவில் குறி வைத்தார். பதற்றத்தில் இரண்டு விசையையும் சேர்த்து இழுத்துவிட்டார். இரண்டு குழலும் ஒன்றாக வெடித்தன. அம்பலம் கரைக்குப் பின்புறம் உருண்டார். காட்டெருமை ஒரு முறை தள்ளாடி, உறுமிக்கொண்டு காட்டுக்குள் பாய்ந்துவிட்டது.

அவருடைய காறை எலும்பு முறிந்திருந்தது. அன்றைக்கு அவரை வீடு சேர்த்ததோடு சரி. காட்டுக்குள் அது கருவேல முள்ளை முட்டி உடைக்கும் சத்தம் ஊர்வரை கேட்டது.

மூன்றாம் நாள் காலை வைத்தியர் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். அம்பலம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அந்த நேரம் வாசலுக்கு வெளியே ஏழெட்டுப் பெண்கள் காலிப் பானைகளோடு வந்து நின்றார்கள். கண்மாய்க்குத் தெற்கே குடிசைத் தெருவில் இருக்கிற கூலிக்காரப் பெண்கள். ஊர்க்கிணற்றில் அவர்கள் வாளி இறங்கக் கூடாது. அந்த ஊற்றுக்குழி ஒன்றுதான் அவர்களுக்குத் தண்ணீர்.

முன்னால் நின்றவளுக்கு நாற்பது வயதிருக்கும். பேச்சி என்று பெயர். காட்டெருமை கொம்பில் தூக்கிய ஆள் அவளுடைய தம்பி. மதுரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

"மூணு நாளா தண்ணி இல்ல, சாமி. பிள்ளைக நாக்கு வறண்டு கெடக்குதுக" என்றாள். அழவில்லை. கேட்டாள், அவ்வளவுதான்.

அம்பலம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் சொன்னேன்: "நான் போறேன்."

"நீரு கடையில தோட்டா எண்ணுற ஆளுய்யா!" என்றார் அவர்.

உண்மைதான். நான் அதுவரை சுட்டது இரண்டு மிளாவும் சில பன்றிகளும் மட்டும். ஆனால் பதினைந்து வருஷமாக எங்கள் கடைக்கு வரும் வேட்டைக்காரர்கள் மிருகத்தின் உடம்பிலிருந்து எடுத்த தோட்டாக்களை என் மேஜைமேல் கொட்டுவார்கள். நான் ஒவ்வொருவரையும் கேட்பேன்: எங்கே பட்டது, எந்தப் பக்கம் நின்றது, எத்தனை அடி ஓடியது, எங்கே கிடைத்தது. நசுங்கியதையும் நசுங்காததையும் தனித்தனி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். பர்மாக் காடுகளில் ஒரு மிருகத்தின் நெஞ்சு எந்த உயரத்தில் இருக்கிறது என்று என்னைவிட அதிகம் கேட்டவன் ஒருவன் இருந்தால் அவனை நான் பார்க்க வேண்டும். இதை அம்பலத்திடம் சொன்னேன். கொஞ்சம் கர்வமாகத்தான் சொன்னேன்.

அவர் பெட்டிப் பக்கம் தலையை ஆட்டி, "ரைபிளை எடுத்துக்கிரும்" என்றார்.

பேச்சியிடம் போய், "வாங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றேன். அம்பலத்தின் ஆள் ஒருவன் பின்னால் சிரித்தான். அந்த ஊரில் அவளை 'வாங்க' என்று யாரும் கூப்பிட்டதில்லையாம். எங்கள் ரங்கூன் தெருவில் மீன்காரியையும் 'வாங்க' என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு வேறு விதமாகப் பேசத் தெரியாது.

அவள் சொன்னதுதான் எனக்கு வேண்டியிருந்தது. "காலையில வெளிச்சம் வந்ததும் வரும், அய்யா. ஊத்துல குடிக்கையில கெழக்க பாத்துத்தான் நிக்கும், நெத்தியக் காட்டிக்கிட்டு. அம்புட்டு நேரமும் நெத்திதான். குடிச்சு முடிச்சுட்டு வடக்க திரும்பும். திரும்பையில ஒரு மூச்சு நிக்கும். அப்பறம் போயிரும்."

"ஒரு மூச்சுதானா?"

"எண்ணி ஒரு மூச்சு. மூணு நாளா ஊத்துக்குக் கெழக்க இருக்க பனைமூட்டுல ஒளிஞ்சு பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். எப்ப போகும், எப்ப பானையத் தூக்கிட்டு எறங்கலாம்னு."

நெற்றி எனக்குப் பயன்படாது. அந்தத் தலையின் மண்டைக்கட்டு மலைப்பாறை மாதிரி. அது தலையைத் தாழ்த்தியிருக்கும்போது அங்கே சுடுவது ஆபத்தான சூதாட்டம். திரும்பும்போது அதன் வலது பக்கம் ஊற்றுக்குக் கிழக்கே இருப்பவனுக்கு முழுசாகக் கிடைக்கும். அந்த ஒரு மூச்சுதான் என் நேரம்.

"கூட யாராவது வர்றீங்களா?" என்று அம்பலத்தின் ஆட்களைப் பார்த்துக் கேட்டேன். சிரித்தவன் உட்பட எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். "நான் வாரேன்" என்றாள் பேச்சி.

நாலாம் நாள், விடிந்து வெயில் விழத் தொடங்கிய நேரம். பேச்சி சொன்ன பனைமூட்டின் பின்னால் நாங்கள் இருவரும் குப்புறக் கிடந்தோம். சூரியன் எங்களுக்குப் பின்னால். காற்று மேற்கிலிருந்து முகத்தில் அடித்தது. எங்கள் வாடை அதற்குப் போகாது. குழல்களில் இரண்டு கெட்டித் தோட்டா. இன்னும் இரண்டைப் பேச்சி கையில் வைத்திருந்தாள். எப்படிக் கொடுக்க வேண்டும் என்று முந்தின நாள் காட்டியிருந்தேன். அதற்குள் என்னைவிட வேகமாகப் பழகிவிட்டாள்.

அது வந்தது. இடது தோள் நொண்டியது. ஊற்றுக்குழியில் வாயை வைத்து, எங்களுக்கு நேரே நெற்றியைக் காட்டிக்கொண்டு, குடித்தது. அறுபது அடி தூரம். உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. என் விரல் விசைமேல் ஊர்ந்தது. ஆசை என்பது அப்படித்தான் வரும்போல. தெரிந்ததையெல்லாம் மறக்கச் சொல்லும்.

திடீரென்று அது தலையைத் தூக்கியது. எங்களையே பார்த்தது. ஒரு அடி, இன்னொரு அடி முன்னால் வைத்தது. மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பொறுங்க" என்றாள் பேச்சி, உதடு அசையாமல்.

பொறுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான காரியம் அதுதான். சுட்டதல்ல, சுடாமல் இருந்தது.

அது வெயிலுக்குக் கண் கூசி, பெருமூச்சு விட்டு, வடக்கே திரும்பியது. நின்றது. வெள்ளைக் காலுறை தெரிந்தது. அதன் வழியாகவே குறியை மேலே ஏற்றினேன். மூன்றில் ஒரு பங்கு. ஒரே ஒரு விசையை மெல்ல இழுத்தேன்.

உதையில் தோள் பின்னுக்குப் போனது. சமாளித்துப் பார்த்தால் அது விழவில்லை. பாய்ந்து ஓடுகிறது! இரண்டாவது குழலையும் வெடித்தேன். அது எங்கே போனதென்று தெரியாது. "தவறிட்டேன்" என்றேன்.

"இல்ல அய்யா, பட்டுருச்சு" என்றாள் அவள், தோட்டாக்களை என் கையில் வைத்தபடி. "தலையத் தொங்கப் போட்டுட்டு ஓடுது, பாருங்க."

நாற்பது அடி ஓடியிருக்கும். காட்டின் ஓரத்தில் முன்னங்கால் மடங்கி, சரிந்து, மணலில் விழுந்தது. பிறகு அசையவில்லை. இருந்தும் இரண்டு தோட்டாவையும் போட்டுக்கொண்டு, பின்பக்கமாகச் சுற்றிப் போய், நீளக் கழியால் கண்ணைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்து நின்றேன். கடையில் எல்லாருக்கும் நான் சொல்லும் விதி அது. எனக்கும் அதுதான் விதி.

பேச்சி கரையில் ஏறித் தெற்கே திரும்பி ஒரு குரல் கொடுத்தாள். இவ்வளவு பெரிய குரல் அந்த உடம்பில் எங்கிருந்ததோ! பானைகள் இடித்துக்கொள்ளும் சத்தத்தோடு குடிசைத் தெருவே இறங்கி வந்தது.

மத்தியானம் தோலை உரித்தபோது நானே கத்தியோடு நின்றேன். இடது தோளில், தோலுக்குக் கீழே நாலு விரல் ஆழத்தில், அம்பலத்தின் ஈயமூக்கு ஒன்று விரிந்து சிதறித் தசைக்குள் நின்றுவிட்டிருந்தது. இன்னொன்றைக் காணோம். அதற்கு ஒரு சாண் கீழே, அதே இடது பக்கத் தோலின் உட்புறம் ஒட்டிக்கொண்டு என் கெட்டித் தோட்டா. வலது பக்கம் நுழைந்து, விலா எலும்பை முறித்து, இருதயத்தின் மேல்பாகத்தைக் கிழித்து, அத்தனை பெரிய உடம்பையும் கடந்து வந்திருந்தது. கழுவிப் பார்த்தால் கோணல்கூட இல்லை; குழலின் உள்பள்ளம் பதித்த வரி மட்டும் அதன்மேல் இருந்தது. பதினைந்து வருஷமாக மற்றவர்கள் கொண்டுவந்து காட்டியதை இப்போது நானே எடுத்திருக்கிறேன். அந்த மணலில் நின்று நான் வாய்விட்டுச் சிரித்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

காட்டெருமையைச் சுட்டால் சர்க்காருக்கு எழுதிப்போட வேண்டும். கிராம முன்சீப் கரையிலேயே விரிப்புப் போட்டு உட்கார்ந்து காகிதத்தை எடுத்தார். கையைத் தொங்கல் கட்டியபடி அம்பலமும் வண்டியில் வந்து இறங்கினார்.

"சுட்டது அம்பலம்னே எழுதிருவோமே" என்றார் முன்சீப். "ரைபிள் அவரு பேர்ல வந்தது. ரங்கூன்காரரு பேரப் போட்டா ஆயிரம் கேள்வி வரும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் வலித்தது.

நான் இரண்டு தோட்டாக்களையும் அம்பலத்தின் உள்ளங்கையில் வைத்தேன். சிதறியது ஒன்று, சிதறாதது ஒன்று. அவர் அவற்றைப் புரட்டிப் பார்த்தார். சுற்றி நின்ற கூட்டமும் அவர் முகத்தையே பார்த்தது. அந்தப் பெரிய குரல் முதல் முறையாகத் தணிந்து வந்தது.

"நான் சுட்டதுனால அது இன்னும் வெறி பிடிச்சது. இவரு சுட்டதுனாலதான் செத்தது. நான் ரைபிளைக் கொடுத்து, நான் சுடச் சொல்லி, இவரு சுட்டாருன்னு எழுதும். கேள்வி வந்தா நான் பதில் சொல்லிக்கிறேன்."

முன்சீப் எழுதினார். கையெழுத்துக்கு என்னிடம் நீட்டியபோது படித்துப் பார்த்தேன். "பேச்சியம்மா பேரு இல்லையே?"

"அவ எங்க சுட்டா?"

"எங்க சுடணும்னு எனக்குத் தெரியும். எப்ப சுடணும்னு அவங்களுக்குத்தான் தெரியும். அவங்க பேரு இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

முன்சீப் அம்பலத்தைப் பார்த்தார். அம்பலம் தலையசைத்தார். அந்த அசைப்பில் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அசைத்தார்.

இடம் காட்டி உடன் இருந்தது பேச்சியம்மாள் என்று ஒரு வரி சேர்ந்தது. அவளைக் கூப்பிட்டார்கள். இடுப்பில் நிறைந்த பானையோடு வந்தவள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எம் பேரா? சர்க்காரு காயிதத்துலயா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பானையைக் கீழே வைத்தாள். முன்சீப் நீட்டிய மையில் இடது கட்டைவிரலை உருட்டி, காகிதத்தில் அழுத்தி, எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"போதும், எடு" என்றார் முன்சீப்.

எடுத்தாள். சேலையில் துடைத்துக்கொள்ளக் கை போனது, நின்றுவிட்டது. பிறகு மற்ற நாலு விரலையும் மடக்கி, கறுத்த கட்டைவிரலை மட்டும் எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கையாலேயே பானையைத் தூக்கித் தலையில் வைத்துக் கரையேறிப் போனாள்.